இல்லாத மாடியில் விழுந்த வெயில்

தினேசு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய்: "ப்பா, அந்த மிஷின்ல ரே ட்ரேசிங்க ஆன்ல வெச்சு ஆடுறியா, ஆஃப்ல வெச்சு ஆடுறியா?" நான் வழக்கம்போல, "இன்னாமோ ஓடுது நைனா, படம் தெரியுது" என்று மழுப்பிவிட்டு, போனை உங்கம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதற்கு ஒழுங்காக ஒரு பதில் எழுதலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். நீ பெங்களூர் போன பிறகு நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்வது இது ஒன்றைத்தான். கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு சூடாகிறதா, ஃபேன் இரைகிறதா, தூசி தட்டினாயா. சாப்பிட்டாயா என்று நீயும் கேட்பதில்லை, நானும் கேட்பதில்லை. மிஷினுக்கு ஜுரம் வந்தால் விசாரிக்கிற அளவுக்காவது ஒட்டுறவு இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன். பத்தாம் வகுப்பையே இரண்டு தடவை எழுதிப் பாஸ் பண்ணியவன் நான். எழுத்தில் பிழை இருக்கும், பொறுத்துக்கொள். விஷயத்தில் பிழை இருந்தால் சொல்.

நாவலூர் ஆபீசில் நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில், "அங்க இன்னாடா வேல உனக்கு?" என்று கேட்டேன். "கேம்ல லைட் போடுறேன்ப்பா" என்றாய். பையன் கம்பெனியில் எலக்ட்ரீஷியன் என்று நான் தெருவில் நாலு வீட்டில் சொல்லிவைத்தேன். எதிர்வீட்டுக்காரர் தண்ணி மோட்டார் ஓடவில்லை என்று உன்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் நீ என்னை மிஷின் முன்னால் உட்காரவைத்து விளக்கினாய். கேமில் இருக்கிற சூரியன் சூரியன் இல்லை, சுவரில் விழுகிற நிழலை முன்கூட்டியே பூசிவைத்துவிடுவார்கள், சினிமா செட்டுக்குப் பெயிண்டர் பூசுகிற மாதிரி. ரே ட்ரேசிங்கை ஆன் பண்ணினால், வெளிச்சம் எங்கே கிளம்பி, எதில் பட்டு, எந்தப் பக்கம் திரும்பி, நம் கண்ணுக்கு எப்படி வந்து சேருகிறது என்று மிஷினே அந்தந்த நொடியில் கணக்குப் போடும். பச்சைச் சுவருக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டைக்காரன் நின்றால், சட்டையில் லேசாகப் பச்சை ஏறும். "பாத்தியாப்பா, பச்ச ஏறுது பாத்தியா" என்று திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாய். அன்றைக்கு உன் முகம் இருந்த மாதிரி அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

கண்ணில் புரை எடுத்த பிறகு இனி வேன் ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் ஓ.எம்.ஆர். கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்கினவன் வீட்டில் சும்மா உட்கார்ந்தால் உங்கம்மாவுக்கு இடைஞ்சலாக இருக்கிறது. அதனால் நீ விட்டுப்போன மிஷினில் அந்தக் கார் கேமை ஆடுகிறேன். திருட்டுக் காரில் இண்டிகேட்டர் போட்டுத் திரும்புகிற ஆள் அந்த ஊரிலேயே நான் ஒருவன்தான். போலீஸ் துரத்தினால் மரியாதையாக ஓரங்கட்டி நிறுத்துகிறேன், சுட்டுவிடுகிறார்கள். ஆஃபில் வைத்தால் வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனில் வைத்தால் மழை பெய்த ரோட்டில் எதிரே வருகிற லாரியின் விளக்கு நீளமாக இழுத்துக்கொண்டு தெரிகிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் மழைக்காலத்தில் வண்டி ஓட்டினவனுக்கு அதைப் பார்த்தாலே கால் தானாக பிரேக்கைத் தேடும். அவ்வளவு அசல். ஆனால் படம் தத்துகிறது. திரும்ப வேண்டிய தெருவைத் தாண்டிப் போன பிறகு கார் திரும்புகிறது. ஃபேன் மாவு மிஷின் மாதிரி இரைகிறது. படத்தைச் சின்னதாகப் போட்டு, மிச்சத்தை மிஷினே ஊகித்துப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு வசதியை நீ வைத்துவிட்டுப் போனாய். அதைப் போட்டால் ஓட்டம் கொஞ்சம் திரும்பி வருகிறது. ஆனால் தூரத்துக் கம்பிவேலி புழு மாதிரி நெளிகிறது.

ஆகவே நான் கண்டது இதுதான். ஓடுகிற, சுடுகிற கேமுக்கு அது வேண்டாம். உயிர் போகிற நேரத்தில் குட்டைத் தண்ணீரில் மேகம் தெரிகிறதா என்று எவன் குனிந்து பார்க்கப் போகிறான்? மெதுவாக நடந்து வேடிக்கை பார்க்கிற கேமாக இருந்து, அதில் தண்ணீரும் கண்ணாடியும் நிறைய இருந்து, மிஷினும் தாங்கினால், போட்டுக்கொள்ளலாம். சில கேமில் போட்டதும் தெரியவில்லை, போடாததும் தெரியவில்லை. கார்டு காய்ந்ததுதான் மிச்சம். உன் ஆபீசில் யாராவது கேட்டால் எங்கப்பா இப்படிச் சொன்னார் என்று சொல், சிரிக்கட்டும். கேள்வி இதோடு முடிந்திருந்தால் ஒரு போஸ்ட் கார்டில் எழுதிப் போட்டிருப்பேன்.

நம் வீட்டு மொட்டைமாடியில் ஒரு ஹாலும் ரூமும் எடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது, அதையும் நீ கேம் மாதிரியே செய்தாய். அம்புக்குறியை அழுத்தினால் படியேறி உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கலாம். மேஸ்திரிக்குக் காட்டத்தான் செய்கிறாய் என்று நினைத்தேன். முதலில் ஆஃபில் வைத்துக் காட்டினாய். பொம்மைக் கடையில் தொங்குகிற வீடு. பிறகு ஆன் பண்ணினாய். கிழக்கு ஜன்னலில் வந்த வெயில் தரையில் விழுந்து, அங்கிருந்து எழும்பி, சுவரின் பச்சையைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு சீலிங்கில் போய் உட்கார்ந்தது. மேஜை மேல் நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர். அதில் ஜன்னல் வளைந்து தெரிந்தது. உங்கம்மா கரண்டியோடு வந்து பார்த்துவிட்டு, "அந்த ஜன்னலுக்கு ஒரு ஸ்கிரீன் போடணும்டா, காலைல கண்ணு கூசும்" என்றாள். கட்டாத ஜன்னலுக்கு. "எதுப்பா நல்லா கீது, ஆனா, ஆஃபா?" என்று என்னைக் கேட்டாய். "ஆன்லதான்டா வூடு மாரி கீது" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். அதை நீ வீடியோவாக எடுத்து, செங்கல்பட்டில் உனக்குப் பார்த்திருந்த பெண் பவித்ரா வீட்டுக்கு அனுப்பியது எனக்குத் தெரியாது.

பவித்ராவின் அப்பா செங்கல்பட்டில் அரிசி மண்டி வைத்திருப்பவர். ஜாதகம் பார்த்து, பெண் பார்த்து, நீங்கள் இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்ளத் தொடங்கிய பிறகு, அவரும் அவருடைய அக்காவும் நம் வீட்டைப் பார்க்க வந்தார்கள். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். வீடு பிடித்திருந்தால் பெண் வீட்டார் இலையில் உட்காருவார்கள். கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. நனைக்காமல் எழுந்துபோனால் அப்போதும் பேச்சு முடிந்தது. உங்கம்மா விடியற்காலையிலிருந்து வடையும் பாயசமும் செய்து, இலை போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டாள்.

"மேல போயி பாத்துட்டு வந்து உக்காரலாங்களா?" என்றார் பவித்ராவின் அப்பா.

"மேல இன்னா கீது சார், துணிதான் காயுது" என்றேன்.

"இல்ல, அந்த ஹாலு, ரூமு..."

"அது இனிமேதான் எடுக்கணும்."

அவர் செல்போனை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். "அப்ப இது யாரு வூடு?"

வெயில், பச்சைச் சுவர், டம்ளர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, இது கம்ப்யூட்டர் வூடு சார். நம்ம பையன் செஞ்சது. நெசம் மாரியே கீது இல்ல?" என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. நீ கதவோரம் நின்றபடி என்னை மட்டும் பார்த்தாய்.

அவருடைய அக்கா உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏம்பா, பையனாவது நெசமா, இல்ல அதுவும் கம்ப்யூட்டர்ல செஞ்சதா?" என்றாள்.

"சும்மா இரு, அக்கா" என்று அடக்கிவிட்டு, அவர் தனியாகப் படியேறிப் போனார். மேலே தூண் கம்பிகள் நாலு மூலையிலும் துருப்பிடித்து வளைந்து நிற்கும், நடுவில் தண்ணீர் டேங்க், கொடியில் உங்கம்மாவின் நைட்டி. அவற்றைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "வரோம்" என்றார். மோர் கொடுத்தாள் உங்கம்மா. அதைக்கூட வாங்கவில்லை. வடையைத் தெருவுக்குப் பங்குபோட்டோம். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம் ஒன்றுமில்லை என்றாள்.

அன்று சாயங்காலம் நீ சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "பவித்ராகிட்ட நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்ப்பா. அவ அவங்கப்பாகிட்ட பக்குவமா சொல்றேன்னு இருந்தா. நீ குறுக்க பூந்து இளிச்சு கெடுத்துட்ட." உன் மாமா அதைப் பிடித்துக்கொண்டு, "மச்சானுக்கு ஓட்ட வாயி, தெரிஞ்சதுதான" என்று ஊரெல்லாம் சொன்னார். நானும் ஒத்துக்கொண்டேன். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அந்தக் கதையை நானே எடுத்து, என் சிரிப்பை நானே நடித்துக் காட்டி, பந்தியில் பத்துப் பேரைச் சிரிக்க வைத்தேன். நீ பக்கத்து இலையில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாய்.

உன்னை நான் நம்பியதற்குக் காரணம் இருக்கிறது. உனக்கு ஆறு வயதிருக்கும். மாமல்லபுரத்தில் அந்த வெண்ணெய் உருண்டைப் பாறைக்குக் கீழே எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு, பாறையைத் தள்ளுகிற மாதிரியும் தாங்குகிற மாதிரியும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். உன்னையும் நிற்க வைத்தேன். நீ கையைக் கட்டிக்கொண்டாய். "நான் தள்ளலியே. அது தானாதான் நிக்குது" என்றாய். சும்மா படத்துக்குடா என்றால், "நான் தள்ளலியே" என்று அதையே திரும்பச் சொன்னாய். உன் மாமா கேலி செய்ய, நானும் சேர்ந்துகொண்டு, உன் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி நிறுத்தி எடுத்துவிட்டேன். படத்தில் நீதான் பாறையைத் தள்ளுகிறாய். முகத்தைப் பார்த்தால் பாறை உன்னைத் தள்ளுகிற மாதிரி இருக்கும். அன்றைக்கு உன்னை விட்டிருக்கலாம். ஒரு படம் குறைந்தால் என்ன குடி முழுகிவிடும்? ஆனாலும், இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பொய் வராது என்று அன்றிலிருந்து மனதில் ஒரு திமிர் எனக்கு.

உனக்கு இதுவரை சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். தை மாதம் உங்கம்மாவும் நானும் திருவிடந்தை போனோம். கல்யாணம் ஆகாதவர்கள் அங்கே பெருமாளுக்குச் சாத்திய மாலையைப் போட்டுக்கொண்டு பிராகாரம் சுற்றி, அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாகப் போய் அந்தக் காய்ந்த மாலையைத் திருப்பிச் செலுத்த வேண்டும். உன் மாலை இன்னும் நம் வீட்டு ஆணியில் தொங்குகிறது. அதற்காக இன்னொரு தடவை கும்பிட்டுவிட்டு வரலாம் என்று உங்கம்மா என்னை இழுத்துக்கொண்டு போனாள். கோயில் வாசலில் பவித்ரா நின்றிருந்தாள். புதுத் தாலி, கையில் கேரி பையில் காய்ந்த மாலை. புருஷன் பைக் நிறுத்தப் போயிருந்தான். எங்களைப் பார்த்து ஒதுங்கிப் போகாமல், நேராக வந்து, "நல்லா இருக்கீங்களா அங்கிள்?" என்றாள். மாமா என்று கூப்பிட்டிருக்க வேண்டியவள்.

நான் என் பழைய பாட்டை எடுத்துவிட்டேன். "இன்னாமா பண்றது, என் ஓட்ட வாயால..." என்றேன்.

"நீங்க எதுக்கு அங்கிள் அப்படி சொல்றீங்க? அந்த வீட்ல உண்மைய சொன்னவரு நீங்க ஒருத்தர்தான்."

உங்கம்மா என்னைப் பார்த்தாள்.

"நானும் கேம் ஆடுறவதான் அங்கிள். வீடியோவ பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு. டம்ளர்ல ஜன்னல் தெரியுது, படம் எடுக்கிறவரோட கை தெரியல. கேம்ல எடுத்ததுதானேன்னு கேட்டேன். இல்ல, மேஸ்திரி போன மாசம்தான் முடிச்சாருன்னாரு. மறுநாள் திரும்பவும் கேட்டேன், டம்ளர்ல கை தெரியலையேன்னும் சொன்னேன். அந்த கோணத்துக்கு கை தெரியாதுன்னாரு. பெயிண்ட் வாசனகூட இன்னும் போகலன்னாரு." கொஞ்ச நேரம் பையிலிருந்த மாலையைப் பார்த்தாள். "மாடி இல்லன்னா என்ன அங்கிள். நானும் சம்பாதிக்கிறேன், சேந்து கட்டிக்கலாம்னு சொல்லத்தான் கேட்டேன். சொல்ல விடல அவரு. சரி, அப்பா நேர்ல போயி பாக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவளுடைய புருஷன் வந்தான். "வரேன் ஆன்ட்டி" என்று உள்ளே போனாள். நாங்கள் கோவளத்தில் பஸ் மாறினோம். கேளம்பாக்கம் வரைக்கும் உங்கம்மா பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு வந்தாள். பிறகு, "பெயிண்டு வாசனயாம்" என்றாள். ஊரப்பாக்கத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்தோம்.

நீ பொய் சொன்னது எனக்குப் பெரிதில்லை, தினேசு. பெண் தேடி அலைகிற வீட்டில் சம்பளத்தில் கொஞ்சம் ஏற்றிச் சொல்வதும், ஓட்டு வீட்டை மெத்தை வீடு என்பதும் எங்கே நடக்கவில்லை? ஆனால் கல்யாணம் நின்றது என் சிரிப்பால்தான் என்று சொல்லி, அந்தப் பொய்யைக் கொண்டுவந்து என் வாய்க்குள் வைத்துவிட்டாயே. உன் அப்பன் தன்னைத் தானே கேலி செய்துகொள்கிற ஆள், இதையும் சேர்த்துச் சிரித்துவிடுவான் என்று கணக்குப் போட்டாய் பார், அது சரியான கணக்கு. அதுதான் எரிகிறது. கேமில் நீ போடுகிற வெயிலை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். மிஷின் முன்னால் உட்காருகிறவனுக்கு அது கேம் என்று தெரியும், தெரிந்துதான் ரசிக்கிறான். பவித்ராவும் தெரிந்துதான் கேட்டாள். நீதான் அவளிடம் அது கேம் இல்லை என்றாய்.

இதையெல்லாம் நான் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டு இருந்திருப்பேன். இந்தப் புதன்கிழமை நீ அனுப்பிய மெசேஜ் வராமல் இருந்திருந்தால். மாமல்லபுரத்தில் லாட்ஜ் நடத்துகிறவர் வீட்டுப் பெண்ணின் ஜாதகம் பொருந்திவிட்டது, அவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை கை நனைக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் நீ எழுதியிருந்தாய்: "மாடி வீடியோவ புதுசா செஞ்சு அவங்களுக்கு அனுப்பிட்டேன்ப்பா. மாடி சாவி என்கிட்ட பெங்களூர்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லி மேல ஏத்தாம அனுப்பிடு. கல்யாணத்துக்குள்ள கட்டிடலாம். இந்தத் தடவ மட்டும் சிரிக்காத." உங்கம்மாவின் போனில் அந்த வீடியோவையும் பார்த்தேன். ஜன்னலுக்கு ஸ்கிரீன் போட்டிருக்கிறாய், அது காற்றில் ஆடுகிறது. சுவரோரம் ஒரு பெயிண்ட் டப்பா. டம்ளரை உற்றுப் பார்த்தேன். புரை எடுத்த கண்ணுக்குக்கூடத் தெரிந்தது: ஜன்னலுக்குப் பக்கத்தில், வளைந்து, செல்போனைப் பிடித்திருக்கிற ஒரு கை.

பவித்ரா உன்னிடம் என்ன சொல்ல வந்தாள், அதிலிருந்து நீ எதைக் கற்றுக்கொண்டாய்.

நேற்றுக் காலை அந்த லாட்ஜ்காரருக்கு நான் போன் செய்தேன். "சார், மாடி கெடையாது. வீடியோ கம்ப்யூட்டர்ல செஞ்சது" என்றேன். சிரிக்கவில்லை.

"தம்பி சொல்ல சொன்னாரா?" என்றார்.

"இல்ல சார். நானா சொல்றேன்."

"சரி. மாடி கெடக்குது வுடுங்க, எங்க வூடே நான் கல்யாணம் ஆகி பத்து வருசம் கழிச்சு கட்னதுதான். சனிக்கெழம சாயந்தரம் தம்பிக்கு போன் போட்டு, மாடிய பத்தி நானே கேக்கறேன். நீங்க சொன்னதா காட்டிக்க மாட்டேன். நீங்களும் அவருகிட்ட மூச்சு வுடாதீங்க. அவரு இன்னா சொல்றாருன்னு பாத்துட்டு ஞாயித்துக்கெழம வரோமா இல்லியான்னு சொல்றேன்."

ஆகட்டும் என்று ஒத்துக்கொண்டேன். நான் ஒத்துக்கொண்டதைக் கேட்டுக்கொண்டிருந்த உங்கம்மா, போனைப் பிடுங்காத குறையாக, "புள்ளைக்கு ஒரு வார்த்த சொல்லிடுய்யா, மாட்டிக்க போறான்" என்றாள். இன்று காலையிலிருந்து நாலைந்து தடவை சொல்லிவிட்டாள். நானும் போனை எடுத்து உன் பேர் வரைக்கும் போய்விட்டு வைத்துவிட்டேன். சொன்னால் நீ உண்மையைச் சொல்வாய், சம்பந்தம் அமையும், எல்லோருக்கும் நல்லது. ஆனால் அதுவும் நான் உன் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி எடுத்த படமாகத்தான் இருக்கும்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஸ்டேஷன் பக்கத்துக் கூரியர் கடையில் விசாரித்தேன். இப்போது கொடுத்தால் நாளை மதியத்துக்குள் பெங்களூரில் உன் கையில் கொடுத்துவிடுவார்களாம். போஸ்ட் ஆபீசில் கேட்டேன். சாதாரணத் தபால் திங்கட்கிழமை ஆகும், செவ்வாய்கூட ஆகலாம் என்றார்கள். ஸ்டாம்ப் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்பா